பெரிய பேணியில் ஊற்றிய மருந்து

என் அத்தான் டெனிஸ்டனை ஒரு இடத்தில் இருத்தி வைக்கக்கூடிய கதிரையை இன்னும் யாரும் செய்யவில்லை. பூசையில் பிரசங்கம் நடக்கும்போது எழும்பிப்போய், வாகனம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசை திறக்க முதலே கை கழுவிக்கொண்டு நிற்பார். மல்வேர்னில் அவர்களுடைய ரவுண்ஹவுஸில் இருக்கும் சோபா ஒரு வருடத்துக்குள் நாலு சுவரையும் பார்த்துவிடும். இந்த மனுசனோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று என் அக்கா பேர்ணடெற்றைக் கேட்டால், "அவர் வேலைக்குப் போற நேரம் நான் இருந்து மூச்சு விடுவன்" என்பாள்.

வேலை மிசிசாகாவில், விமான நிலையத்தில். பயணப்பெட்டி இழுக்கும் வண்டிகளைத் திருத்துவது. ஓடிக்கொண்டே செய்கிற வேலை என்பதால் அவருக்குப் பொருந்திவிட்டது. அங்கே கூட வேலை செய்தவர்கள்தான் மான் வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார், ஒரு துவக்கும் வாங்கினார். சண்டைக்குப் பயந்து மன்னாரில் இருந்து ஓடி வந்தவன் ரொறொன்ரோவில் துவக்கு வாங்கியிருக்கிறான் என்று கோயில் வாசலில் சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்க மாட்டார். கடையில் விற்கிற வெடி தன் துவக்குக்குச் சரிவரவில்லை என்று, நிலவறையில் மேசை போட்டுத் தானே வெடி அடைக்கத் தொடங்கினார். அது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வெடித்து வெறுமையான பித்தளைக் கோதைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் நெருப்புப் பற்றவைக்கிற பிரைமர் பொருத்தி, உள்ளே வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை, எங்கள் பேச்சில் சன்னத்தை, இறுக்கினால் வெடி தயார். ஆனால் எந்தச் சன்னம், எந்த மருந்து என்பதில்தான் அவருடைய சீவன் போனது. சன்னத்தின் நிறையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். நூற்றியெண்பது கிரெயின் சன்னம் நல்ல பாரம். தோளிலும் நன்றாக இடிக்கும். அதற்கு மெதுவாக எரிந்து தள்ளிக்கொண்டு போகிற மருந்து வேண்டும். நூற்றிமுப்பது லேசு, இடி குறைவு. அதற்குக் கொஞ்சம் சுறுசுறுப்பான மருந்து. இப்படி ஒரு மாதம் பாரமான சன்னம்தான் மான் வேட்டைக்குச் சரி என்பார். அடுத்த மாதம் லேசானதுதான் நேரே போகிறது என்பார். பிக்கரிங்குக்கு அப்பால் இருக்கிற சுடும் திடலில் கடதாசியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பார். எல்லா ஓட்டையும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தது.

ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. ஒரு ஞானஸ்நான விருந்தில் கட்லட் கடித்தபடி சொன்னார். சின்னத் துவக்குக்குப் போடுகிற வேகமான மருந்தைத் தவறிப் பெரிய கோதுக்குள் நிறையப் போட்டால், சன்னம் குழலை விட்டுப் போக முதல் உள்ளே அமுக்கம் ஏறிவிடும். துவக்கே பிளக்கும். பிளந்தது சுடுகிறவனின் முகத்துக்குத்தான் வரும். "அதுதான் பிள்ளை, ரெண்டு சட்டம் வைச்சிருக்கிறன். மேசையில ஒரு நேரத்தில ஒரு மருந்துப் பேணிதான் நிக்கும். நான் அடைச்ச வெடியை இன்னொருத்தனுக்குக் குடுக்க மாட்டன்."

இரண்டு சட்டத்தையும் அவர் ஸவாஹிர் நானாவுக்காக மீறினார்.

ஸவாஹிர் நானாவும் மன்னார்தான், முஸ்லிம்; எங்கள் ஊரில் அவர்களுக்கு அண்ணன் என்றால் நானா. குளியலறைக்கு ரைல்ஸ் பதிக்கிற தொழில். துவக்கு வகுப்பில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள். நானாவுக்கு வேட்டை பிடித்ததற்குக் காரணம் இறைச்சி. மானைச் சுட்டு விழுத்திவிட்டுக் கத்தியோடு ஓடுவார். மூச்சு அடங்க முதல் இறைவன் பெயர் சொல்லி அறுத்தால்தான் அவருக்கு அது சாப்பாடு. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரித் துவக்கு. முழங்காலில் நின்று ஒரு கையை ஊன்றி ரைல்ஸ் பதித்துப் பதித்து நானாவின் வலது தோள் பழுதாகி, சத்திர சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. கடை வெடியின் இடியைத் தோள் தாங்காது என்று முஹ்ஸினா, அவருடைய மனைவி, சொல்லிக் கவலைப்பட்டாள். அத்தானுக்கு அது போதும். லேசான சன்னம், அளவான மருந்து, பூனை தட்டுகிற அளவு இடி என்று ஒரு பெட்டி அடைத்துக் கொடுத்தார். அந்த வருடம் நானா மானோடு வந்தார். அடுத்த வருடமும் ஒரு பெட்டி, ஒரு மான். பிறகு வருடா வருடம்.

அத்தான் வாழ்க்கையில் வேறெதற்கும் அவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்க்கவில்லை. நானா கொண்டுவந்து தருகிற மான் இறைச்சியை அக்கா மிளகு போட்டுப் பிரட்டுவாள். வருகிற ஆட்களுக்கெல்லாம் அத்தான் தட்டை நீட்டி, "சுட்டது ஸவாஹிர், வெடி என்ர" என்பார். அவருக்குச் சொந்தமாக விழுந்த மான் மிகவும் குறைவு. காட்டில் அசையாமல் இருக்க அவரால் முடியாது.

இந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒக்ரோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். போகிற வீட்டில் மாலையில் செபமாலையும் பிறகு சாப்பாடும். அன்று அக்கா வீட்டு முறை. மேலே இடம் காணாது என்று நிலவறையில்தான் சாப்பாடு வைப்பதாக இருந்தது. அத்தான் காலையிலிருந்து கீழே திடலில் குறி பழகப் பிறகு வாங்கிய தன் சின்னத் துவக்குக்கு வெடி அடைத்துக்கொண்டிருந்தார். மருந்து அளக்கும் கருவியின் குழாய் நிறைய வேகமான மருந்து. நடுவில் மனம் நானாவுடைய வெடிக்குத் தாவிவிட்டது. போன முறை போட்ட மருந்தையே போடுவதா, மாற்றுவதா என்று யோசிக்க, மான் வெடிக்குப் போடுகிற மருந்துப் பேணியையும் எடுத்து மேசையில் வைத்தார். வேகமான மருந்தின் பேணி சின்னது, மான் வெடி மருந்தின் பேணி பெரியது. முடிவு எடுக்க முதல், முந்திய வீட்டில் இருந்து சுரூபத்தை ஏற்றி வரவேண்டும் என்று தொலைபேசி வந்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

அடுத்த நாள் அதே மேசையில் இருந்து நானாவுடைய பெட்டியை அடைத்தார். நானா மேலே தேத்தண்ணி குடித்தபடி இருந்து வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பர் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் பிக்கரிங்கில் இருந்து அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போக வந்திருந்தேன். அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கீழிருந்து சின்னப் பேணியைக் கையில் குலுக்கிக்கொண்டு ஏறி வந்தார்.

"உதில கனக்க இருந்தது. பாரமே இல்லாமல் கிடக்கு," என்றார்.

"குழாய்க்குள்ள கிடந்ததைத் தேடுறியளோ? செபமாலை அண்டைக்கு நான் ஊத்தி மூடி வைச்சனான்," என்றாள் அக்கா. "வாய் திறந்த சாமானை வைச்சுக்கொண்டு சனத்துக்குச் சாப்பாடு வைக்கிறதே?"

"எதுக்குள்ள ஊத்தினனீர்?"

"பெரிய பேணிக்குள்ள. அதுதானே வாய் அகலமாய் இருந்தது. மற்றதுக்குள்ள ஊத்த வெளிக்கிட்டால் சிந்துமெல்லே."

என் அக்காவின் சமையலறையைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மிச்சச் சீனி, மிச்சப் பருப்பு, மிச்ச மிளகாய்த்தூள் எதையும் அவள் திறந்து வைக்க மாட்டாள். அகலமான வாய் எதுவோ அதற்குள் கொட்டி மூடிவிடுவாள். இரண்டு மருந்தும் கறுத்த குறுணிதான். அவளுக்கு அது இரண்டும் ஒன்று.

அத்தானின் முகத்தில் இருந்து இரத்தம் இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். பேணியை மேசையில் வைத்துவிட்டு நானாவுக்குத் தொலைபேசி அடித்தார். அது நிறுத்தி வைத்திருந்தது. முஹ்ஸினாவுக்கு அடித்தார். நானா நேற்றே பான்க்ரொஃப்ட் பக்கம் வேட்டைக் கொட்டிலுக்குப் போய்விட்டார், அங்கே சிக்னல் இல்லை என்றாள். ஏன் கேட்கிறீங்க என்று அவள் கேட்க, அத்தான் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான்தான் தொலைபேசியை வாங்கி நடந்ததைச் சொன்னேன். அவள் உடனே கொட்டிலுக்குப் போகும் வழியை அனுப்பினாள். அந்தப் பக்கத்துப் பொலிசுக்கும் அறிவித்தோம். ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்றார்கள்.

அக்கா கையில் புட்டு மாவோடு நின்றாள். "இஞ்சாருங்கோ, என்ன நடக்கும்?"

"உன்னால ஒரு மனுசன் சாகப்போறான்," என்றார் அத்தான். "அதுதான் நடக்கும்."

அக்கா நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே விட்டிருக்க வேண்டும். ஆனால் அவரைத் தனியே வாகனம் ஓட விட்டால் சாகிறவர்கள் எண்ணிக்கை கூடும் என்று தெரிந்ததால் நான் வாகனத் திறப்பை எடுத்தேன்.

பீற்றர்பரோ வரைக்கும் நெடுஞ்சாலை, அதற்கு மேல் இரண்டு பக்கமும் காடு. அத்தான் சீற் பெல்ற்றைப் போடுவார், கழற்றுவார், கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார். நிமிடத்துக்கு ஒருமுறை நானாவுக்கு அடிப்பார். "குழாய்க்குள்ள அரைவாசிக்கு மேல கிடந்தது. மேலால ஊத்தியிருக்கிறா. அப்ப நான் முதல் அடைச்சதுக்குள்ள முழுக்க உதுதான் போயிருக்கும். பெட்டியில முதல் வரிசை. ஸவாஹிர் முதல் வரிசையில இருந்துதான் எடுப்பான். எல்லாரும் முதல் வரிசையில இருந்துதான் எடுப்பினம்." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நானாவின் சிரித்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

பெற்றோல் போட நிறுத்தினேன். இயற்கைக் கடன் கழிக்கப் போகிறேன் என்றேன். "பிறகு போகலாம் பிள்ளை," என்றார்.

"அத்தான், உங்களுக்கு ஒண்டு கேக்கிறன். செபமாலைக்கு அடுத்த நாள் குழாய் வெறுமையாய்க் கிடந்ததைப் பார்த்தனீங்கள்தானே?"

அவர் பதில் சொல்லப் பிந்தினார். அவர் பிந்துவது அபூர்வம்.

"பார்த்தனான். ரெண்டு பேணியும் மூடிக் கிடந்தது. நான்தான் மூடினன் ஆக்கும் எண்டு நினைச்சன். ஸவாஹிர் மேல வந்து நிண்டான். காக்க வைக்க மனமில்லை."

"அப்ப ஏன் அக்காவை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய்விட்டுத்தான் வந்தேன்.

பான்க்ரொஃப்ட் தாண்டியதும் பனி தூவியிருந்தது. எதிரே வந்த வண்டிகளில் செம்மஞ்சள் உடுப்புக்காரர். ஒரு வண்டியின் பின்னால் மான் கிடந்தது. மண் பாதையில் திரும்பி மெதுவாகப் போகும்போது காட்டுக்குள் ஒரு வெடி கேட்டது. வாகனம் நிற்க முதலே அத்தான் கதவைத் திறந்து இறங்கி மரங்களுக்குள் ஓடப் பார்த்தார். மண்ணிற ஜக்கெற் போட்டுக்கொண்டு வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் ஓடுகிற மனுசனை யாரும் மான் என்றுதான் நினைப்பார்கள். நான் ஜக்கெற்றில் பிடித்து இழுத்து வந்து ஹோர்னை அமத்தினேன். கையை எடுக்காமல் அமத்திக்கொண்டு நின்றேன். அத்தான் "ஸவாஹிர், ஸவாஹிர்" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

காடு சும்மா இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தான் கத்துவதை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். அந்த நேரம் அவரில் எனக்கிருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

பிறகு மரங்களுக்குள் ஒரு செம்மஞ்சள் தொப்பி அசைந்தது.

"ஆரு இது ஹோர்ன் அடிக்கிற? பொலிஸ் ஒருபக்கம் தேடுறாங்களாம் எண்டு பக்கத்துக் கொட்டில்காரன் சொல்லுறான், மான் எல்லாம் ஓடிட்டுது," என்று சத்தம் போட்டபடி ஸவாஹிர் நானா வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். துவக்கு தோளில் முழுசாக இருந்தது. முகமும் முழுசாக இருந்தது.

அத்தான் போய் அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினை வெடி வைச்சனி? இப்ப வெடிச்சது என்ன? என்ர பெட்டி எங்கை?"

நான் நடந்ததைச் சொன்னேன். நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துவக்கில் இருந்த வெடிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ஒன்றை அத்தானின் கையில் வைத்தார். அது கடை வெடி. பாரமான சன்னம். பிறகு ஜக்கெற்றுக்குள் கைவிட்டு, தோளில் மடித்து வைத்திருந்த துவாயை இழுத்து எடுத்தார். இடி தாங்க முஹ்ஸினாவுக்கும் தெரியாமல் அவரே வைத்துக்கொண்டதாம்.

"உங்கட பெட்டி வீட்டில இருக்கு அண்ணை. கராஜ் அலுமாரியில பூட்டி வச்சிருக்கன்."

"போன வருஷம் தந்தது?"

"அதும் இருக்கு."

"அதுக்கு முந்தினது?"

நானா நிலத்தைப் பார்த்தார். "எல்லாம் இருக்கு."

"அப்ப நீ கொண்டுவந்த மானெல்லாம்?"

"கடை வெடிதான் அண்ணை."

அத்தான் மடையர் இல்லை. நண்பன் உயிரோடு நிற்கிறான் என்ற நிம்மதியும், இத்தனை வருடம் தட்டை நீட்டிச் சொன்ன பெருமை பொய் என்பதும் ஒரே நேரத்தில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வாகனத்தின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றார். "வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார்.

"எப்படிச் சொல்லுற? பெத்த பிள்ளையத் தூக்கித் தாற மாதிரித் தாறீங்க."

அத்தான் கையில் இருந்த கடை வெடியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "பழசை நினைச்சோ நம்பேல்லை?"

தொண்ணூறாம் ஆண்டு தமிழ் இயக்கப் பொடியள் துவக்கோடு வந்து முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் போகச் சொல்ல, ஸவாஹிர் நானாவின் குடும்பம் உடுத்த உடுப்போடு மன்னாரை விட்டுப் போனது. அத்தான் குடும்பம் அப்போது அங்கேயே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"சீச்சீ," என்றார் நானா. "அதுக்கில்ல அண்ணை. ஒருநாள் கீழ வந்து, நீங்க அடைக்கிறதப் பார்த்துக்கிட்டு நிண்டன். நீங்க என்னயக் காணல்ல. பாதியில எழும்புறீங்க, மேல போறீங்க, வந்து எதில விட்டதெண்டு பாக்காமத் தொடங்குறீங்க. அந்த வெடிய என்ட கண்ணுக்குப் பக்கத்தில வச்சி அமத்த எனக்குப் பயம் வந்திச்சி. உங்களிலயெண்டா எனக்கு உயிரு. உங்கட அவசரத்திலதான் நம்பிக்கை இல்ல."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார் நானா. அத்தான் வேண்டாம் என்று தலையாட்டினார். பொலிசுக்குத் தானே சொல்லிவிடுவதாக நானா சொன்னார். வாகனத்தைத் திருப்பினேன். சிக்னல் வருகிற இடம் வரைக்கும் அத்தான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு வந்தார். தொலைபேசியில் கோடு ஏறியதும் கேட்டார்.

"நேரத்துக்குப் போய்த் தடுத்திட்டம் எண்டு சொல்லுவமோ பிள்ளை?"

"சொல்லுங்கோ. ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் எண்டு அக்கா சாகும்வரைக்கும் நினைச்சுக்கொண்டு இருப்பா. அது உங்களுக்குச் சரியெண்டால் சொல்லுங்கோ."

அவர் அக்காவுக்கு அடித்தார். மணி ஒருதரம் அடிக்க முதலே எடுத்தாள். செபம் சொல்லிச் சொல்லி அவளுடைய குரல் அடைத்துப்போயிருந்தது.

"ஸவாஹிருக்கு ஒண்டுமில்லை," என்றார்.

"நேரத்துக்குப் போயிட்டியளோ?"

அத்தான் கண்ணை மூடினார். "போகாட்டிலும் ஒண்டும் நடந்திருக்காது. அவன் என்ர வெடி ஒண்டையும் ஒருநாளும் வெடிக்கேல்லை. வருஷம் வருஷமாய்த் தந்ததெல்லாம் கராஜில பூட்டிக் கிடக்கு. மானெல்லாம் கடை வெடியில விழுந்தது."

"ஏன் அப்பிடி?"

"நான் அடைக்கிறதைப் பார்த்திருக்கிறான். பயந்திட்டான். அவன் பயந்தது சரி. குழாய் வெறுமையாய்க் கிடந்ததைப் பார்த்துப்போட்டும் நான் அடைச்சனான், பேர்ணடெற்."

அக்கா அழுதாள். வாகனம் முழுக்க அந்த அழுகை கேட்டது. அத்தான் அது முடியும் மட்டும் அசையாமல் இருந்தார். கடைசியில் அவள் மூக்கைச் சீறிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப காலமை நீங்கள் எனக்குச் சொன்னது?"

"அது நான் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது," என்றார் அத்தான்.